வாக்ஸ் மேல் வாக்ஸ்: முதல் பூச்சில் செய்யும் தவறு மேலே தெரியும்

இரண்டு வகை வாக்ஸை ஒரே காரில் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் எது முதலில், எது அடுத்து என்பது மாறிப்போனால் இரண்டுக்கும் கொடுத்த காசு வீண். வாக்ஸ் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், பெயிண்டை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த முதல் பூச்சைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை.

கடையில் கிடைப்பவற்றை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று கார்னாபா. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் ஓலை மேல் படியும் மெழுகு இது. ஓலையைக் காயவைத்துத் தட்டி எடுப்பார்கள். இயற்கை மெழுகுகளில் இதுதான் மிகக் கடினமானது. உருக 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். தனியாக எடுத்தால் செதில் செதிலாக உடையும், காரில் தேய்க்கவே முடியாது. அதனால் எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். ஆகவே டப்பா மேல் ‘100% கார்னாபா’ என்று இருந்தால், உள்ளே இருப்பதெல்லாம் கார்னாபா என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த குடும்பம் சீலண்ட், அதாவது ஆலையில் தயாராகும் பாலிமர். அடர்ந்த நிறக் கார்களில் கார்னாபா ஒரு ஆழத்தையும் ஈரப்பளபளப்பையும் கொடுக்கும். சீலண்டின் பளபளப்பு கண்ணாடி மாதிரி, கொஞ்சம் கூர்மையாக இருக்கும். ஆயுள் என்று பார்த்தால் சீலண்டுதான். வெளியில் நிற்கும் காரில், நம் வெயிலுக்குக் கார்னாபா இரண்டு மாதம் தாங்கினாலே நல்லது. நல்ல சீலண்ட் நான்கைந்து மாதம் வரும். கோலினைட் 845 போல இரண்டையும் கலந்து வருபவையும் உண்டு.

சரி, முதல் தவறுக்கு வருவோம். கார்னாபா போட்ட காரின் மேல், ‘இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும்’ என்று சீலண்ட் பூசுவது. சீலண்டில் உள்ள பாலிமர், பெயிண்டின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் எண்ணெயும் மெழுகும் இருந்தால் அதற்குப் பிடிமானம் கிடையாது. நாலு வாஷில் போய்விடும். எனவே சீலண்ட் முதலில். அதைத் துடைத்த பிறகு டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம், தண்ணீர் படாமல் விட வேண்டும். அப்புறம் மேலே கார்னாபா. மேல் பூச்சு வெயிலையும் தூசியையும் வாங்கிக்கொண்டு தேயும், அடியில் இருப்பது தப்பிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார்னாபாவை மட்டும் புதுப்பித்தால் போதும்.

சீலண்டுக்கு முன்னால் பெயிண்ட் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டு, பழைய வாக்ஸ் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது வாக்ஸைப் பலவீனப்படுத்தும், முழுசாக எடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. கழுவி முடித்த பிறகு ஒரு பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது மணல் தாளாகச் சொரசொரக்கும். பிரேக் துகள், தார், மரப்பிசின் எல்லாம் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றை எடுப்பதற்கென்றே கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டி இருக்கிறது. அது முடிந்ததும், தண்ணீரில் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. கீறல்களை எண்ணெயால் நிரப்பி மறைக்கும் கிளேஸ் போட்டிருந்தால் இந்தத் துடைப்பை விடவே கூடாது.

இரண்டாவது தவறு கண்ணுக்கே தெரியாது. மேல் பூச்சுக்கு ‘கிளீனர் வாக்ஸ்’ வாங்கிவிடுவது. பாலிஷும் வாக்ஸும் ஒன்றாக, ஒரே வேலையில் முடியும் என்று விற்கும் டப்பாக்கள் இந்த ரகம். உள்ளே நுண்ணிய தேய்ப்புத் துகளும் வலுவான கரைப்பானும் இருக்கும். பழைய, மங்கிய பெயிண்டுக்கு அருமையான பொருள்தான். ஆனால் நேற்று போட்ட சீலண்ட் மேல் இதைத் தேய்த்தால், சீலண்டைக் கழற்றிவிட்டுத் தானே அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கார் பளபளவென்றுதான் இருக்கும், இரண்டு லேயர் இருப்பதாகவே நாமும் நினைத்துக்கொண்டிருப்போம். துணியில் காரின் நிறம் ஒட்டினால்தான் தேய்ப்புத் துகள் இருக்கிறது என்று சிலர் சோதிப்பார்கள். கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டில் அது சரி. இன்றைய காரில் தேய்ந்து வருவது நிறமற்ற கிளியர் கோட், ஆகவே துணி வெள்ளையாகத்தான் இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதே வழி.

எத்தனை லேயர் போடலாம் என்று கேட்டால், ஒரே வாக்ஸில் இரண்டு. இரண்டாவது கோட் எதற்கென்றால், முதல் தடவை கை படாமல் விட்டுப்போன இடங்களை மூடுவதற்கு. மூன்று, நான்கு, ஐந்து என்று போகிறவர்கள் கைவலியைத்தான் சேர்க்கிறார்கள். புதுக் கோட்டில் உள்ள கரைப்பான் அடிக் கோட்டை இளக்கும், மிச்சத்தைத் துடைக்கும் துணி எடுத்துவிடும். கனம் ஏறவே ஏறாது. கிளியர் கோட்டே பொதுவாக 40, 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). துடைத்த பிறகு நிற்கும் வாக்ஸ் ஒரு மைக்ரான்கூட வராது. அதனால் கல் தெறிப்பையும் சாவிக் கீறலையும் வாக்ஸ் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பறவை எச்சத்திலிருந்துகூட அது கொஞ்சம் அவகாசம்தான் வாங்கித் தரும். கத்திரி வெயிலில் சுடும் பானெட் மேல் எச்சம் விழுந்தால், எத்தனை வாக்ஸ் இருந்தாலும் அன்றைக்கே நனைத்து எடுத்துவிட வேண்டும்.

இரண்டு வாக்ஸை ஒப்பிடுவதில்தான் பெரிய குழப்பம். ஒன்றைப் பானெட்டிலும் இன்னொன்றைக் கதவிலும் பூசிவிட்டு, ஆறு வாரம் கழித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பானெட் அடியில் இன்ஜின் சூடு, மேலே நேர் வெயில். கதவு செங்குத்தாக நிற்கிறது. தண்ணீர் தானாக வழிந்துவிடும், வெயிலும் சாய்வாகத்தான் படும். இது எப்படிப் போட்டியாகும்? ரூஃபையோ டிக்கி மூடியையோ எடுத்து, நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு பாதியையும் ஒரே மாதிரி சுத்தம் செய்து, பாதிக்கு ஒன்று பூசுங்கள். பிறகு ஒரே ஷாம்பு, ஒரே துணி. அந்த ஷாம்பு வாக்ஸ் கலக்காததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது ஷாம்புவின் வேலையைத்தான். அழகைப் பொறுத்தவரை, வெள்ளை, வெள்ளிக் கார்களில் ஒரு வாக்ஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். அந்தக் கார்களுக்கு ஆயுளைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். கறுப்பிலும் அடர் சிவப்பிலும் வித்தியாசம் தெரியும். அங்கேகூடப் பளபளப்பில் பெரும்பங்கு வாக்ஸுக்கு முன்னால் செய்யும் பாலிஷுக்குத்தான். இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்கு அடியில் நிறுத்தி, பானெட்டில் அந்த விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிச் சிலந்தி வலையாகக் கீறல் தெரிந்தால், எந்த வாக்ஸும் அதை நிரந்தரமாக மறைக்காது.

தண்ணீர் முத்து முத்தாக நின்றால் வாக்ஸ் நன்றாக இருக்கிறது, நிற்காவிட்டால் போய்விட்டது என்ற கணக்கும் அரைகுறைதான். தூசியும் எண்ணெய்ப் படலமும் மூடியிருந்தால் உயிரோடு இருக்கும் வாக்ஸ்கூட முத்து கட்டாது. கழுவிவிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இதைவிட முக்கியமாக, போர் தண்ணீரில் கழுவும் காருக்கு அந்த முத்தே எதிரி. கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. ஒவ்வொரு முத்தும் வெயிலில் சுருங்கச் சுருங்க உப்பெல்லாம் ஒரே புள்ளியில் சேரும், கடைசியில் அங்கே ஒரு வெள்ளை வளையம். உடனே துடைத்தால் போய்விடும். நாலு நாள் வெயில் பட்டால் வினிகர் போட்டுக்கூடச் சில வளையங்கள் போகாது, பாலிஷ் மெஷின்தான் கேட்கும். புறநகர் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள், முத்து கட்டுவதைவிடத் தண்ணீரைத் தகடாக வழியவிடும் சீலண்டைத் தேடுவது நல்லது. எதைப் போட்டிருந்தாலும், கடைசியில் குழாய் முனையை எடுத்துவிட்டு மெல்லிய ஓட்டமாகத் தண்ணீரை விட்டால் பெரும்பகுதி தானே வழிந்துவிடும். மீதியை அப்போதே மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள், காயட்டும் என்று விடாதீர்கள்.

நம் ஊரில் வாக்ஸின் ஆயுளைக் குறைப்பது வெயில் மட்டுமல்ல, காலையில் துடைக்கும் துணியும்தான். ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகப் பத்துக் காரைத் துடைக்கும் முறை எல்லா அடுக்குமாடியிலும் இருக்கிறது. காய்ந்த தூசி மேல் துணி ஓடும்போது மணல்தான் பெயிண்டில் ஓடுகிறது. அரை மைக்ரான் வாக்ஸ் அதற்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? துடைக்க வருகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான். ‘அண்ணே, கண்ணாடியை மட்டும் துடைச்சாப் போதும், பாடியை நானே கழுவிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால், அதே வாக்ஸ் கூடுதலாகப் பல வாரம் வரும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும். மேலிருந்து சொட்டும் பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக்கொண்டால் துணியால் எடுக்கவே கூடாது.

பூசும் நேரத்துத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சுடக் கூடாது. சூட்டில் கரைப்பான் உடனே பறந்து, வாக்ஸ் திட்டுத்திட்டாக இறுகிவிடும். அதிகாலை, அல்லது நிழல். கோட் மெல்லியதாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். ஒரு விரலால் கோடு இழுத்துப் பாருங்கள்: கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் பொறுக்க வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்புகளில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்குச் சாதாரண வாக்ஸ் வேண்டவே வேண்டாம். செராமிக் கோட்டிங் செய்த கார் மேல் கார்னாபா பூசினால் ஆபத்தில்லை, ஆனால் தண்ணீரைத் தள்ளும் கோட்டிங்கின் குணத்தை மெழுகு மூடிவிடும். அதற்கென்று வரும் ஸ்பிரேயைப் பயன்படுத்துங்கள்.

டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகம் இருந்தால் அதைத் தனியாக விட வேண்டும். ஆலையில் புதுக் கார் பெயிண்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள், அதனால் ஷோரூமிலிருந்து வந்த அன்றே வாக்ஸ் போடலாம். பட்டறையில் அவ்வளவு சூடு கொடுக்க முடியாது. பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் என்று பெயிண்டரிடமே கேளுங்கள்; ஒன்று முதல் மூன்று மாதம் வரை சொல்வார்கள். அதுவரை அந்தப் பாகத்துக்குத் தண்ணீரும் மென்மையான ஷாம்புவும் மட்டும்.