டிஸ்க் ட்ரைவரில் நேரப் பிழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கிற பிள்ளைகள் சிலர் சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பார்க்கிறார்கள். சந்தோசம். திரை, கீபோர்ட் எல்லாம் வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் நிரலான டிஸ்க் ட்ரைவரில் வந்து நிற்பார்கள். போர்ட் எண் (டிஸ்க்கோடு பேசும் முகவரி) மாறிப்போவது போன்ற பிழைகள் உடனே பிடிபடும், அவற்றை விடுவோம். ஒருநேரம் ஓடி ஒருநேரம் ஓடாத பிழைகள்தான் ஆளைக் கொல்லும்.

பிரிண்ட் போட்டதும் சரியாகிவிட்டது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். போன மாதம் ஒரு தம்பி இரண்டு ஐடிஇ டிஸ்க் (ஒரே கேபிளில் இரண்டைப் பூட்டக்கூடிய பழைய வகை) பூட்டிய பழைய மெஷினைக் கொண்டுவந்தார். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால் சிலவேளை குப்பைத் தரவு வரும், சிலவேளை அப்படியே நின்றுவிடும். எங்கே பிழை என்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டார். ஒழுங்காகப் படித்தது. வரியை எடுத்தார், திரும்பவும் குப்பை. “அண்ணை, வேலை செய்யுதுதானே, அந்த வரியை அப்பிடியே விடுவம்” என்றார்.

விடவே கூடாது. டிஸ்க்கை மாற்றச் சொன்ன பிறகு 400 நானோசெக்கன் போகும் முன் நிலையைக் கேட்டால், வருகிற விடை பழைய டிஸ்க்கினுடையதாக இருக்கலாம். ‘பிஸி இல்லை’, அதாவது டிஸ்க் சும்மா இருக்கிறது என்று அதை நம்பி, தயாராகாத டிஸ்க்குக்கு ட்ரைவர் கட்டளை அனுப்பிவிடும். பிரிண்ட் வரி அந்த இடைவெளியைத் தற்செயலாக நிரப்பியது, அவ்வளவுதான். கட்டளை எழுதிய பிறகும் இதே 400 தேவை.

பிரிண்டுக்குப் பதிலாக வெறும் லூப் ஒன்றைச் சுற்றவிடுகிறவர்களும் உண்டு. கம்பைலர் அதைத் துடைத்துவிடும். துடைக்காவிட்டாலும் வேகமான சிபியூவில் அது காணாது. விண்டோஸ் 95 இப்படித்தான் அடிபட்டது. லூப்பைச் சுற்றி நேரம் கணித்த அதன் டிஸ்க் ட்ரைவர்கள், 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 சிபியூ வந்ததும் பூட் ஆகும்போதே விழுந்தன.

லினக்ஸ் செய்வதைப் பாருங்கள்: முதலில் ஆல்டர்னேட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை (டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இரண்டாவது இடம்) ஒருதடவை படிக்கிறது, பிறகு 400 நானோசெக்கன் காத்திருக்கிறது. அந்த முதல் படிப்பு வீணில்லை. மெமரி வழியாக எழுதும் கொன்ரோலர்களில் நீங்கள் எழுதியது சிபியூவுக்கும் கொன்ரோலருக்கும் நடுவில் இருக்கும் பிசிஐ பாலத்தில் தங்கி நிற்கலாம். படித்தால்தான் அது போய்ச் சேரும். சேரும் முன்பே காத்திருந்து என்ன பயன்?

சாதாரண ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து நேரம் கடத்துவது

காத்திருக்கும் இன்டரப்ட் (டிஸ்க் சிபியூவைக் கூப்பிடும் சைகை) அழிந்துபோகும்.

பிஸி பிட் 1 ஆக இருக்கும்போது மற்றப் பிட்களைப் பார்ப்பது

அவற்றுக்கு அப்போது அர்த்தமில்லை.

ரீசெட்டில் அவசரம்

டிஸ்க்கைத் திரும்பத் தொடக்கும் ரீசெட் பிட்டைக் குறைந்தது 5 மைக்ரோசெக்கன் பிடியுங்கள். விட்ட பிறகு 2 மில்லிசெக்கன் கழித்துத்தான் பிஸியைப் பார்க்க வேண்டும். டிஸ்க் தயாராக 31 செக்கன் வரை எடுக்கலாம். ஒரு செக்கனில் “டிஸ்க் செத்துவிட்டது” என்று முடிவெடுக்கிற ட்ரைவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கியூஇஎம்யூவில் ஓடினால் காணும் என்பது

கியூஇஎம்யூ என்பது ஒரு கணினியை மென்பொருளிலேயே போலியாக ஓட்டுவது. அங்கே டிஸ்க் மாறுவதற்கு நேரமே எடுக்காது, அதனால் இந்தப் பிழை தலைகாட்டாது. கணினி திருத்துகிற கடைகளில் பழைய ஐடிஇ டிஸ்க்குகள் சும்மா கிடக்கும். வேறு வேறு கம்பனியின் இரண்டை வாங்கி ஒரே கேபிளில் பூட்டி, மாறிமாறிப் படிக்கவிட்டு ஓரிரவு ஓடவிடுங்கள்.