தமிழ் வகுப்பில் விளையாட்டு: எது கற்றுக்கொடுக்கும், எது பொழுதை மட்டும் போக்கும்

மொரீஷியஸில் கோவில் மண்டபங்களில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் காதில் விழுவது வாரத்தில் சில மணி நேரம்தான். அதையும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே கழித்தால் பிள்ளை வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். விளையாட்டு வேண்டியதுதான். ஆனால் வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதற்காகப் பாடம் ஏறிவிட்டது என்று கணக்குப் போட முடியாது.

பார்க்க வேண்டியது ஒன்றே: ஆட்டத்தில் ஜெயிக்கப் பிள்ளை எதைச் செய்ய வேண்டியிருக்கிறது? அதைத்தான் அது கற்றுக்கொள்ளும். நீங்கள் மனதில் நினைத்திருந்த பாடத்தை அல்ல.

டொமினோவை எடுத்துக்கொள்ளுங்கள்: இரு பாதியிலும் புள்ளி போட்ட கட்டைகளை, ஒரே எண்ணிக்கை பக்கத்தில் வரும்படி அடுக்கும் ஆட்டம். இந்த ஊரில் அதற்கு விதி சொல்லித்தர வேண்டியதில்லை, தாத்தா ஆடுவதைப் பார்த்தே பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். எண்புள்ளிக்குப் பதில் உயிர்மெய் எழுத்துகளை எழுதி, ‘கா’வுக்குப் பக்கத்தில் ‘கா’ வைக்கச் சொன்னால் ஆட்டம் ஜோராக நடக்கும். ஒரு எழுத்தையும் வாசிக்காமலே நடக்கும்! வடிவத்தை வடிவத்தோடு பொருத்தக் கண் போதும். அட்டையின் ஒரு பாதியில் எழுத்தும் மறுபாதியில் படமும் போடுங்கள். ‘கா’வுக்குப் பக்கத்தில் காகம் வர வேண்டும், ‘மீ’க்குப் பக்கத்தில் மீன். இப்போது பிள்ளை எழுத்தை ஒலித்துப் பார்த்தே ஆக வேண்டும். பெயரில் குழப்பம் வராத படமாக எடுங்கள். ‘ப’வுக்கு வாழைப்பழத்தை வரைந்தால் ஒரு பிள்ளை ‘பழம்’ என்றும் இன்னொன்று ‘வாழை’ என்றும் சொல்லிச் சண்டை வரும்.

எண் சொல்லித்தருவதிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் கட்டம் போட்ட பலகையில் நான்கைந்து வயதுப் பிள்ளைகளை ஆடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எண்ணறிவு நன்றாகவே உயர்ந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்டு ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. பிறகு கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தபோதும் அதே பலன் கிடைக்கவில்லை. நேர்வரிசை, சம அளவுக் கட்டம், நகரும்போது வாய்விட்டு எண் சொல்வது: வேலை செய்தவை இவையே.

தமிழ் எண்ணுக்கு இதைச் செய்யும்போது ஒரு விதியில் கறாராக இருங்கள். காய் நாலில் நிற்கிறது, கட்டையில் இரண்டு விழுந்தது என்றால், பிள்ளை ‘ஐந்து, ஆறு’ என்று சொல்லி நகர்த்த வேண்டும். ‘ஒன்று, இரண்டு’ என்று சொன்னால் கட்டத்திலுள்ள எண்ணைப் பார்க்கவே தேவையில்லாமல் போகும். உதட்டுக்குள் ‘என், தே, த்ருவா’ என்று கிரியோலில் எண்ணிக்கொண்டு காயை மட்டும் நகர்த்துவதும் நடக்கும். வாய்விட்டுத் தமிழில் சொல்லாத நகர்வு செல்லாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். பலகையில் சலித்துவிட்டால் நம்முடைய ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுங்கள். அதிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது, தேடிப் படிக்கட்டும்.

ல, ள, ழ ஆட்டம்

கிரியோலில் ள, ழ இரண்டும் கிடையாது. பிள்ளைகள் எல்லாவற்றையும் லகரமாகவே கேட்பார்கள், லகரமாகவே சொல்வார்கள். ஆகவே இங்கே பயிற்சி முதலில் காதுக்கு, அப்புறம்தான் நாக்குக்கு.

பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ல, ள, ழ என்று மூன்று எழுத்தட்டை. கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டினால் போதும், உள்ளங்கை அளவு, தடித்த மார்க்கர். சொல் அட்டை 24: மலை–மழை, புலி–புளி, பல்லி–பள்ளி, வால்–வாள், தலை–தழை, பலம்–பழம், ஒலி–ஒளி, வலி–வழி, அலை–அழை, கோலி–கோழி, கிளி–கிழி, வேலை–வேளை. ஏ4 தாளை எட்டாக மடித்து வெட்டினால் மூன்று தாளில் முடிந்துவிடும். சிறியவர்களுக்கு முதல் ஆறு ஜோடியே போதும்.

ஆசிரியர் அட்டையைக் காட்டாமல் சொல்லை இரண்டு முறை சொல்கிறார். மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத்தைத் தூக்க வேண்டும். ‘யார் முதலில்’ என்று வைக்காதீர்கள். வைத்தால் துடுக்கான இரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் அவர்கள் கையைப் பார்த்துத் தூக்குவார்கள். பார்த்துத் தூக்கும் பழக்கம் விடாவிட்டால் கண்ணை மூடச் சொல்லுங்கள்.

மூன்று அட்டை ஏன்? ஜோடியில் எது என்று மட்டும் கேட்டால் குருட்டாம்போக்கில் தூக்கும் பிள்ளைக்கே 12 சொல்லுக்குச் சுமார் 6 கிடைத்துவிடும், நீங்களும் ‘பாதி தெரிகிறதே’ என்று திருப்திப்பட்டுக்கொள்வீர்கள். மூன்றில் ஒன்று என்றால் அதிர்ஷ்டத்தில் சராசரியாகச் சுமார் 4தான் கிடைக்கும்.

காது பழகிய பிறகு பிள்ளை ஒன்று முன்னால் வந்து அட்டையை எடுத்து வாசிக்கட்டும். இப்போது ஜெயிப்பு வேறு மாதிரி: கேட்டவர்கள் சரியான எழுத்தைத் தூக்கினால் வாசித்தவருக்கும் சேர்த்துப் புள்ளி. எல்லோரும் தப்பாகத் தூக்கினால் பிழை பெரும்பாலும் வாசித்த நாக்கில். லகரத்துக்கு நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் தொடும். ளகரத்துக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு மடங்கும், தொடாது. இதை ஆட்டத்தின் நடுவில் விளக்கினால் காதில் ஏறும், முன்கூட்டிச் சொன்னால் ஏறாது.

இந்த ஆட்டத்தை அடியோடு கெடுக்கும் ஒன்று இருக்கிறது: ஆசிரியரே ளகரத்தையும் ழகரத்தையும் ஒன்றாக உச்சரிப்பது. சங்கடமான விஷயம்தான். 24 சொல்லையும் போனில் பதிவு செய்து, இன்னொரு ஆசிரியரைக் கேட்டு எழுதச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

விதி சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. கிரியோலில் சொல்லுங்கள், தமிழுக்குத் தீட்டு வந்துவிடாது. ஆட்டம் 15 நிமிடம். சலிப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டு 5 நிமிடம் நோட்டில் சொல்வதெழுதுதல், ஆறு சொல்: ஆட்டத்தில் வந்தவை மூன்று, வராதவை மூன்று. ‘விளக்கு’, ‘குழல்’ போல. ஆட்டச் சொல் சரியாக வந்து புதுச் சொல் தப்பாக வந்தால் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது, ஒலி இன்னும் பிடிபடவில்லை.

புள்ளி, நட்சத்திரம், பட்டியல்

கைபேசிச் செயலிகளின் பலமும் பலவீனமும் இந்தப் புள்ளியும் நட்சத்திரமும் பட்டியலும்தான். 1973-இல் மார்க் லெப்பரும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு பழையது, ஆனாலும் ஆசிரியர்கள் மறக்கக் கூடாதது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள்; வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். பிறகு தாமாக வரையும் நேரத்தில் அந்தக் குழு மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை. ஆகவே தானாகவே விரும்பி வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று விலை பேசாதீர்கள். எழுத்துக் கூட்டுவது போல யாருக்கும் ஆசையில்லாத வேலைக்குப் புள்ளி வைக்கலாம், மூன்று நான்கு வாரத்தில் மெல்லக் குறைத்துவிட வேண்டும்.

சுவரில் முதலிடம் முதல் கடைசி இடம் வரை பெயர்ப் பட்டியல் ஒட்டுவதை எங்களால் ஆதரிக்கவே முடியாது. ஆறு வயதும் பதினொரு வயதும் ஒரே பாயில் உட்காரும் வகுப்பில் கடைசி மூன்று பெயர் மாறவே மாறாது. போன வாரம் எத்தனை, இந்த வாரம் எத்தனை என்று அவரவர் நோட்டிலேயே எழுதட்டும். போட்டி இல்லாமல் சுவை இல்லை என்றால் வகுப்பு முழுவதற்கும் ஒரே இலக்கு வையுங்கள்: இன்று எல்லோருமாக 100 சரி.

கஹூட் போன்ற வினாடி வினாவில் சீக்கிரம் அமுக்கினால் கூடுதல் புள்ளி. பிரெஞ்சு வாசித்துப் பழகிய கண் தமிழ்ச் சொல்லைக் கூட்டி வாசிக்க நேரம் பிடிக்கும். அதனால் வாசிக்காமலே அமுக்கப் பழகிவிடும். நேரத்தை 60 விநாடியாக்கி, புள்ளி இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டைகள் நாளாக ஆகக் காது மடங்கும், எண்ணெய்க் கறை படியும். பிள்ளைகள் ‘கறை பட்டது மழை’ என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டதை உடனே புதிதாக எழுதுங்கள். சொல்வதெழுதுதலில் இரண்டு வாரம் தொடர்ந்து எல்லாம் சரியாக வந்தால் அந்த ஜோடிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ஒரே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்து ன–ண: மனம்–மணம், பனி–பணி, ஆனி–ஆணி. இது காதுக்குப் பிடிபடும். ர–ற அப்படி அல்ல. அரை–அறை, கரி–கறி இரண்டையும் பேச்சில் நாம் பெரும்பாலும் ஒன்றாகவே சொல்கிறோம், கேட்டுத் தூக்கும் ஆட்டம் அங்கே எடுபடாது. ‘அம்மா மீன் ___ வைத்தார்’ என்று வாக்கிய அட்டை எழுதி, பொருளைப் பார்த்துச் சொல்லை வைக்கச் சொல்லுங்கள்.