ரிசப்ஷன் ஹால்ல பச்சை இலை, பூ டெக்கரேஷன்: சிங்கப்பூர் சூட்டுல வாடாம செய்றது எப்படி

பின்டரெஸ்ட்ல வர்ற ரஸ்டிக் (கிராமத்து ஸ்டைல்) டெக்கரேஷன் படம் முக்காவாசி குளிர் ஊர்ல எடுத்தது. அங்க ஹைட்ரேஞ்சியா நாள் பூரா அப்படியே நிக்கும், இங்க மத்தியானம் 32 டிகிரில வேன்லேர்ந்து இறக்கி ஹாலுக்குள்ள கொண்டு போறதுக்குள்ள தலைய தொங்கப் போட்டுடும். அதோட காய்ஞ்ச புல்லு, காய்ஞ்ச குச்சியெல்லாம் கல்யாணத்துல வச்சா வீட்டுப் பெரியவங்க சும்மா இருப்பாங்களா, "ஏன்டா, நல்ல நாள் அதுவுமா பட்டுப்போன மரத்த கொண்டாந்து நட்டு வச்சிருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. வாழைமரம், தென்னங்குருத்து, மாவிலைன்னு நம்மகிட்ட இல்லாத ரஸ்டிக்கா? அத வச்சே செய்ங்க, காசும் மிச்சம்.

பூவுக்கு தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பஃபலோ ரோட், கேம்பல் லேன் கடைங்க போதும், வெளிநாட்டு இலை கொஞ்சம் வேணும்னா தாம்சன் ரோட் ஃபார் ஈஸ்ட் ஃப்ளோரா பூக்கடை குளிர் ரூம்ல போய் நீங்களே பொறுக்கி எடுக்கலாம். முகூர்த்த நாள், தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு ஒட்டி வந்தா விலை ஏறும், முன்கூட்டியே சொல்லி வைங்க. இலைக்கு மான்ஸ்டெரா, பாக்கு ஓலை, பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன், மணி பிளான்ட் கொடி, பூவுக்கு சம்பங்கி, ஹெலிகோனியா, டென்ட்ரோபியம் ஆர்க்கிட். தேசிய மலராச்சே, வாண்டா மிஸ் ஜோக்கிம் வைக்கலாமான்னு சிலர் கேப்பாங்க, பறிச்சா அது ரொம்ப நேரம் தாங்காது, டென்ட்ரோபியம் வாரக்கணக்குல நிக்கும். ஆபீஸ் சீன நண்பர்கள் நிறைய வர்றாங்கன்னா வெள்ளை, மஞ்சள் செவ்வந்திய மட்டும் குவிக்காதீங்க, அவங்களுக்கு அது சாவு வீட்டுப் பூ, ஆரஞ்சு செண்டுமல்லி கலந்துக்கங்க. அப்புறம், ரோட்டோரமும் பார்க்லயும் இவ்ளோ பச்சை இருக்கேன்னு கத்திரிக்கோலோட கிளம்பிடாதீங்க, அனுமதி இல்லாம வெட்டினா என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) அபராதம் போடும்.

முதல் நாள் ராத்திரி வேலைதான் முக்கியம், டெக்கரேஷன் நிக்கிறதும் விழறதும் இதுலதான். பூ வந்தவுடனே ஒவ்வொரு தண்டையும் அடியில 2 செமீ சாய்வா வெட்டி, தண்ணிக்குள்ள போற இலையெல்லாம் உருவிட்டு (விட்டா அழுகி தண்ணி நாறும்) வாளில ராத்திரி பூரா நிக்க வைங்க, வெயில் படாத இடமா. மான்ஸ்டெரா, ஃபெர்ன் மாதிரி இலைங்கள பாத்ரூம்ல பெரிய பேசின்ல ஒரு மணி நேரம் முழுசா முக்கி எடுத்துட்டு ஈரத்துணியால தொடைங்க, பளபளன்னு நிமிரும். ஹெலிகோனியாவ தலைகீழா புடிச்சு ஒரு உலுக்கு உலுக்குங்க, மடல் ஒவ்வொன்னுலயும் தண்ணி தேங்கி இருக்கும், எறும்பு குடும்பத்தோட விழும், அது டேபிள்ல கேக்குக்கிட்ட விழறதுக்கு பாத்ரூம்லயே விழட்டும். முக்கியமா, பழுத்த வாழைப்பழம், மாம்பழம் இருக்குற ரூம்லயோ ஃபிரிட்ஜ்லயோ பூவ வைக்கவே வைக்காதீங்க, பழத்துலேர்ந்து எத்திலீன் வாயு வரும், ஆர்க்கிட், கார்னேஷனெல்லாம் விடியறதுக்குள்ள சோர்ந்துடும். சீர்வரிசைத் தட்டு பழமெல்லாம் அதே ரூம்லதான் அடுக்குவாங்க, பாத்துக்கங்க.

வாசலுக்கு வாழைமரம் சொல்றப்ப ஹோட்டல் சர்வீஸ் லிப்ட் உயரம் கேட்டுட்டு சொல்லுங்க, 10 அடி மரத்த கொண்டு வந்துட்டு லிப்ட் முன்னாடி முழிக்கிறது பாவம். வெட்டின அடிப்பக்கத்த பிளாஸ்டிக் பை சுத்தி இறுக்கிக் கட்டணும், வாழைக்கறை கார்பெட்ல பட்டா போகவே போகாது, பில் உங்களுக்குத்தான். மேல சணல் சாக்கு சுத்தி, கனமான வாளில மணல் போட்டு நிறுத்துங்க. மாவிலைத் தோரணத்துக்கு காம்புப் பக்கத்த கயிறு மேல மடிச்சு ஈர்க்குச்சியால குத்துவாங்க, ஸ்டேப்ளரும் ஓகேதான். ஏர்கான்ல வாழை இலை ஓரம் சீக்கிரம் சுருளும், ஒரு ஸ்ப்ரே பாட்டில் கையில வச்சுக்கங்க.

டேபிளுக்கு பூ குத்தி வைக்கிற பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம்ங்கிறது என் கருத்து, அது மக்காது, உதிர்ந்தா நுண்பிளாஸ்டிக். கோழிவலைக் கம்பிய உருண்டையா சுருட்டி ஜாடிக்குள்ள திணிச்சா தண்டு நல்லா பிடிச்சு நிக்கும். ஜாடிக்கு காசு செலவு பண்ண வேணாம், ஊறுகாய், ஹார்லிக்ஸ் பாட்டில சொந்தக்காரங்ககிட்ட சேத்து, லேபிள உரிச்சு, வாயில சணல் கயிறு சுத்துங்க. உயரம் 30 செமீக்கு உள்ளயே வைங்க, இல்லன்னா 60க்கு மேல, நடுவாந்திரமா வச்சா எதிர்ல இருக்குற மாமா முகம் தெரியாது, எல்லாரும் எட்டி எட்டிப் பாத்துதான் பேசுவாங்க. சாப்பாட்டு டேபிள்லயும் கேக் மேலயும் அரளி வேண்டவே வேண்டாம், விஷம். மான்ஸ்டெரா, மணி பிளான்ட் பால் பட்டா சிலருக்கு அரிக்கும், அதனால சாப்பாடு தொடுற இடத்துல வாழையிலையோ வெத்தலையோ விரிங்க.

மேடை பின்னாடி நிரப்ப வெட்டின இலை வாங்கி கட்டுப்படியாகாது. சித்தி, அத்தை காரிடார்ல வளக்குற தொட்டிங்கள ஒரு நாள் கடன் கேளுங்க, தொட்டி மேல சாக்கு சுத்தி கட்டிட்டா யாருக்கும் தெரியாது, மொத்தமா வாடகைக்கு விடுற நர்சரிங்களும் இருக்கு. தொட்டி அடியில பேர் எழுதி ஒட்டுங்க, இல்லன்னா அத்தையோட துளசி சித்தி வீட்டுக்குப் போயிடும், அப்புறம் பஞ்சாயத்து.

வாய்ட் டெக்லன்னா (புளோக்குக்கு கீழ இருக்குற திறந்த இடம்) டவுன் கவுன்சில் அனுமதி முதல்ல, ஹோட்டல்லயும் சிசிலயும் (சமூக மன்றம்) சுவத்துல ஆணி, டேப் அடிக்க பெரும்பாலும் விட மாட்டாங்க, தனியா நிக்கிற ஃபிரேம்தான். மத்தியானம் வேற ஃபங்ஷன் இருக்கா, எத்தன மணிக்கு உள்ள விடுவாங்க, ஏர்கான் எப்ப போடுவாங்கன்னு பேங்க்வெட் ஆளுகிட்ட கேளுங்க, சில இடத்துல விருந்தாளி வர்ற நேரத்துக்குத்தான் போடுவாங்க, அதனால சம்பங்கி, ஆர்க்கிட்டெல்லாம் கடைசி ஒரு மணி நேரத்துல வைங்க, தொட்டியும் இலையும் முதல்லயே வைக்கலாம்.

முடிஞ்சதும் பூவ கேட்டவங்களுக்கு கட்டிக் குடுத்துட்டு, பாட்டில், வாளித் தண்ணி எல்லாத்தையும் அன்னிக்கே கொட்டிக் கவுத்துடுங்க, வாய்ட் டெக் ஓரத்துல நாலஞ்சு நாள் கிடந்தா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை போட்டுடும்.