செவிலியரின் மேசையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாட்டின் சுகாதார அமைப்பை மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்தால், வரைவு எழுதும் முன் ஒரு வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்காருங்கள். செவிலியருக்குப் பக்கத்தில்.

திட்டப் பிரிவில் இருந்தபோது நான் அதைச் செய்யவில்லை. நோயாளி விவரம் பதிய டேப்லெட் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரே கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை அந்தச் செவிலியர் மூன்று பதிவேடுகளில் எழுதிவிட்டு, நான்காவதாக டேப்லெட்டிலும் ஏற்றிக்கொண்டிருந்தார். பழைய பதிவேடுகளை நிறுத்தச் சொல்லி நாங்கள் உத்தரவே போடவில்லை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அதனால், புதிதாக ஒன்றைக் கொடுக்கும் அதே உத்தரவில் பழையது எது நிற்கிறது என்றும் எழுதிவிடுங்கள்.

அப்புறம் பணம். உண்மையான சிக்கல் இங்கேதான். செய்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்தால் தேவையில்லாத ஸ்கேன் பெருகும். மருத்துவமனையில் பதிவான மக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அதற்குக் கொடுத்தால் செலவு அடங்கும். ஆனால் செலவு பிடிக்கும் நோயாளியைத் தட்டிக்கழிக்கும் ஆசை வரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் பக்கவிளைவுக்கு ஒரு கண்காணிப்பும் கூடவே வேண்டும்.

தாய்லாந்து 2001-ல், நோயாளி ஒரு முறைக்கு முப்பது பாட் (அந்நாட்டு நாணயம்) மட்டும் கட்டும் முப்பது பாட் திட்டத்தைத் தொடங்கித் தலைக்கணக்கில் பணத்தைப் பிரித்தபோது, ஊழியர் அதிகமாகவும் பதிவான மக்கள் குறைவாகவும் இருந்த மருத்துவமனைகள் தடுமாறின. தனி நிதி ஒதுக்கித் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியொரு நிதியை நீங்கள் முதல் நாளே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘பழையதே தேவலை’ என்று முதல் ஆண்டிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

மருத்துவர்கள் எதிர்ப்பார்கள், பேசுங்கள். பிரிட்டனில் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், சிறப்பு மருத்துவர்கள் தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம் என்று விட்டுக்கொடுத்துத்தான் 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். சம்பளம், நேரம், பதவி உயர்வு எல்லாவற்றிலும் இறங்கி வரலாம். பணம் இல்லை என்று ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்புவதில் மட்டும் இறங்காதீர்கள்.

ஆறு மாதம் கழித்து அதே செவிலியரிடம் திரும்பப் போங்கள். மேசையில் எத்தனை பதிவேடு இருக்கிறது என்று எண்ணுங்கள். மருந்து அலமாரியைத் திறந்து, ரத்த அழுத்த மாத்திரை அடுத்த மாதம்வரை வருமா என்று கேளுங்கள். வராது என்றால் அன்று மாலையே கிடங்குக்குப் போன் போடுங்கள்.