புது டிரம்பெட் வால்வை முதல் மாதம் பழக்குவது எப்படி?

"அண்ணாச்சி, ரெண்டாவது வால்வு கீழ போனா மேல வரமாட்டேங்கு."

கேரல் ரவுண்ட்ஸுக்கு நாலு நாள் இருக்கையில், பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் புது டிரம்பெட்டோடு வந்து நின்றார். கழற்றினால் தேங்காய் எண்ணெய் வாசம், பிஸ்டன் (விரலால் அமுக்கினால் வால்வுக்குள் ஏறி இறங்கும் உருளை) முழுக்கக் கறுப்புப் பசை. கழுவி, வால்வு ஆயில் விட்டதும் துள்ளிக்கொண்டு வந்தது. பழுதே இல்லை.

பிஸ்டனுக்கும் அது ஓடும் குழாய்க்கும் நடுவே தலைமுடிப் பருமன் இடைவெளிகூடக் கிடையாது. புதுக் கருவியில் தொழிற்சாலையின் பாலிஷ் துகள் மிச்சமிருக்கும். இரண்டு உலோகமும் உரசிப் பழகச் சில வாரம் ஆகும். அதுவரை அந்த அழுக்கை வெளியே எடுத்துக்கொண்டே இருப்பதுதான் நம் வேலை.

முதலில் கழுவுங்கள். மேல் மூடியைத் திருகி, பிஸ்டனை நேராக மேலே உருவுங்கள். அதில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும்; மவுத்பீஸ் பக்கம் இருப்பது 1. ஸ்லைடை (இழுத்துக் கழற்றும் வளைகுழாய்) மட்டும் பிஸ்டனை உருவும் முன்பே, அதற்குரிய வால்வை அமுக்கிக்கொண்டு இழுத்துவிடுங்கள். அடி மூடிகளையும் கழற்றிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மென்மையான பிரஷ் போதும். கொதிநீர் பட்டால் மேல்பூச்சு போய்விடும். ஃபெல்ட் (கம்பளித் துணி) வளையங்கள் நனையக் கூடாது. திசையன்விளைப் பக்கம் போல போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்க்காரர்கள், கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிதண்ணீர் எடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் படிவு ஒட்டும். துடைக்கப் பழைய வேட்டித் துணிதான் நல்லது, துண்டு நூல் உதிர்க்கும்.

காய்ந்ததும் பிஸ்டனின் பருத்த பகுதியில் மூன்று நான்கு சொட்டு வால்வு ஆயில் விட்டு, அதனதன் இடத்தில் இறக்குங்கள். பெரும்பாலான டிரம்பெட்டில் எண் மவுத்பீஸைப் பார்த்திருக்கும். மெல்லத் திருப்பினால் 'டக்' என்று உட்காரும். அப்புறம்தான் மூடி. ஊதினால் காற்று போகவில்லையா? வால்வு இடம் மாறியிருக்கும், அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது.

முதல் மாதம் தினமும், வாசிக்கும் முன்பு ஆயில் விடுங்கள். வாரம் ஒருமுறை துடைப்பு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவல். ஒரே வகை ஆயிலையே தொடருங்கள். கலந்தால் சிலது பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் கனமானது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழி இரவில் தெருத்தெருவாக வாசிக்கும்போது வால்வு என்னவாகும்?

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். ஆடிக் காற்றில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். ஒரு மணல் பொடி போதும், பிஸ்டனில் கோடு விழும். கல்யாண வீட்டில் அல்வா சாப்பிட்டால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். சர்க்கரை எச்சிலோடு உள்ளே இறங்கி வால்வைப் பிடித்துக்கொள்ளும்.

அமுக்கும்போது விரல் நுனியின் சதை நடுவில் படட்டும், பக்கவாட்டில் சாய்த்து அமுக்க வேண்டாம். அப்படியும் இறுகினால் உப்புத்தாளோ பாலிஷோ போடாதீர்கள், ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். இரண்டாவது வால்வுதான் அடிக்கடி மாட்டும். வெளியே நீட்டியிருக்கும் அதன் ஸ்லைடில் சின்ன இடி பட்டாலும் குழாய் நெளிந்துவிடும். ஆகவே கீழே வைக்கும்போது அந்த ஸ்லைடு மேலே பார்க்கட்டும்.

மூன்றாம் வாரம் அந்தத் தம்பி துடைத்த துணியைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு போய் லேசான சாம்பல் கறைதான் இருந்தது. மாதம் முடிந்ததும் வாரத்துக்கு மூன்று தரம் ஆயில் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.