பாடும் கௌபாய், பாதாள நகரம்: ‘தி ஃபேண்டம் எம்பயர்’ பார்ப்பது எப்படி?

இதை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். 1935-ல் வந்த இது 12 அத்தியாயத் தொடர்படம், வாரம் ஒன்றாகத் தியேட்டரில் காட்டுவதற்காக எடுத்தது, அதனால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும். முதல் அத்தியாயம் மட்டும் கொஞ்சம் நீளம், அதைத் தவறவிடவே கூடாது, கதையின் முடிச்சு முழுக்க அங்கேதான் விழுகிறது: பாடும் கௌபாயாக வரும் ஹீரோ ஜீன் ஆட்ரி தினமும் மதியம் 2 மணிக்குத் தன் பண்ணையிலிருந்து வானொலியில் பாடியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் போய்விடும், பண்ணையும் கையை விட்டுப் போகும், ஆனால் அந்தப் பண்ணைக்கு அடியில் முரேனியா என்று ஒரு நகரம், டிகா என்ற ராணி, ரோபோக்கள்!

அப்புறம், ஒவ்வொரு அத்தியாய முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கவனமாகப் பாருங்கள். ஹீரோ செத்தான் என்று நினைக்கும் இடத்தில்தான் முடிப்பார்கள், எப்படித் தப்பித்தான் என்று முதலிலேயே யூகித்து வைத்தால் சுவை கூடும்.

பாட்டு வரும்போது ஓட்டிவிடாதீர்கள், பாடத்தான் அவர் அத்தனை ஆபத்தையும் தாண்டி மேலே ஓடி வருகிறார். நேரமே இல்லையா, சரி, 1940-ல் ‘ரேடியோ ராஞ்ச்’ என்று சுருக்கி வெளியிட்டதைப் பார்க்கலாம், ஆனால் எனக்கு முழுத் தொடர்தான் பிடிக்கும்.