புயலில் மின்சாரம் போனாலும் கராஜ் கதவு திறக்க வேண்டும்

உங்கள் கராஜ் கதவு மோட்டாரில் இயங்குகிறதா? புயல் காலம் வருமுன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். கதவை மூடி, மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். மெதுவாகவாவது ஏறி இறங்கினால் சரி. அசையவே இல்லையென்றால், மின்சாரம் போனாலும் மோட்டாரை ஓட்டும் பேட்டரி அதில் இல்லை, அல்லது செத்துவிட்டது.

இந்த மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. சும்மா இருந்தாலும் அதன் பலம் குறையும்; இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும். மோட்டார் பெட்டி விட்டுவிட்டு 'பீப்' என்று கத்தினால் பெரும்பாலும் பேட்டரியைத்தான் சொல்கிறது. அலட்சியப்படுத்தாதீர்கள்.

கலிபோர்னியாவில் 2017 காட்டுத்தீயின்போது, மின்சாரம் இல்லாமல் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே வீடுகளுக்கு விற்கும் புது மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று 2019 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பேட்டரியும் கைவிட்டால் மேலே தொங்கும் சிவப்புக் கயிறுதான் துணை. அதை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையால் தூக்கலாம். ஆனால் கதவு முழுதாக மூடியிருக்கும்போது மட்டும் இழுங்கள். திறந்திருக்கும்போது இழுத்து, கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கும் உடைந்திருந்தால், மொத்த எடையும் தலையில் விழும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் செய்து காட்டுங்கள், பெரியவர்களுக்கு முக்கியமாக.

அப்புறம், கராஜுக்கு வேறு வாசல் இல்லையென்றால், வெளியிலிருந்து சாவி போட்டு மோட்டாரை விடுவிக்கும் பூட்டு ஒன்றை இப்போதே பொருத்திவிடுங்கள்.